சொந்தப் பெயரில் படித்தவள்

அருள்ஜோதிக்கு இரண்டு பெயர். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. யாங்கோனில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளில் ஒரே பெயரோடு வளர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஞானஸ்நானத்தன்று கோவிலில் பாதிரியார் தலையில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர் ஒன்று. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்து டீச்சர், "இந்தப் பேரை நான் எப்படி எழுதித் தொலைக்கிறது?" என்று அலுத்துக்கொண்டு வைத்த பெயர் இன்னொன்று. டீச்சரைக் குறை சொல்லிப் பயனில்லை. பின்னால் நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஜோதி என்றால் வெளிச்சம் என்று அப்பா பர்மிய மொழியில் விளக்கினார். வெளிச்சத்துக்கு லின். அப்பாவுக்கு அரசாங்கக் காகிதங்களில் ஊ பா சோ என்று பெயர்; ஊ என்பது பெரியவர்களுக்குப் போடும் மரியாதை. அதில் ஒரு துண்டை எடுத்து ஒட்டி, லின் லின் சோ என்று டீச்சர் எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்பாவின் கதையும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வேதபாடம் வாசிக்கும்போது அவர் பர்னபாஸ். மற்ற ஆறு நாளும் போட்டாதாங் துறையில் படகுக்குப் படகு மூட்டை எண்ணிக் குறிக்கும் கிளார்க் ஊ பா சோ. வீட்டுக்குள் ஒரு செருப்பு, தெருவுக்கு ஒரு செருப்பு என்பதுபோல அந்தக் குடும்பம் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தது. அருள்ஜோதிக்கு மட்டும் அது எங்கேயோ கடித்தது. அடையாள அட்டையில் இருக்கும் படம் தன்னுடையது, பெயர் எவளோ ஒருத்தியுடையது என்று சின்ன வயதிலேயே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா ஜூடித் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு பேரு இருந்தா ரெண்டு தட்டுல சோறு போடுவேன்னு நெனச்சியா? போய்ப் படிடி" என்று விரட்டிவிட்டாள்.

படிப்பில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. 2020இல் பத்தாவது தேறினாள்; இந்த ஊரில் அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, அடுத்தது பல்கலைக்கழகம். ஆங்கிலத்திலும் சரித்திரத்திலும் சிறப்பு மதிப்பெண்ணுக்கான நட்சத்திரக் குறி. அதற்கப்புறம் நடந்ததை இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கொரோனா வந்து பல்கலைக்கழகத்தைப் பூட்டியது. பிறகு ராணுவம் வந்து நாட்டையே பூட்டியது. பல்கலைக்கழகம் மறுபடி திறந்தபோது வாசலில் துப்பாக்கியோடு நின்றார்கள். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் போகமாட்டோம் என்றார்கள். அவளும் போகவில்லை. அதற்காக அவளை வீராங்கனை ஆக்கிவிட வேண்டாம். அந்த வாசலைத் தாண்டிப் போக அவளுக்குக் கால் வரவில்லை, அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் ஒரு கடையில் நின்று செல்போன் உறை விற்றாள். உறைக்குள் போனைப் போட்டுக் காட்டுவாள், கழற்றுவாள், அடுத்த உறையை எடுப்பாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேசமாட்டாள்.

அந்தக் கடைக்குத்தான் இக்ரா வந்தாள். அடுத்த தெருவில் இருக்கும் சூலியா என்கிற தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண், பள்ளிக்கூடத் தோழி. தமிழில் தொடங்கி பர்மியத்தில் முடிக்கிற பேச்சு.

"அருளு, ஒரு கொலேஜ் இருக்குடி. பெரிய போர்டெல்லாம் கெடையாது. ஒரு கட்டடத்துல அஞ்சாம் மாடி. ரெண்டு வருஷம் அங்க படிச்சா, அந்த மார்க்கை எடுத்துக்கிட்டு வெளிநாட்டுல நேரா மூணாம் வருஷத்துல சேந்துக்கலாமாம்."

"என்ன படிப்பு?"

"லிபரல் ஆர்ட்ஸ்."

"அப்படின்னா?"

"எனக்கும் தெரியாது. எல்லாத்துலயும் கொஞ்சங் கொஞ்சம் சொல்லிக் குடுப்பாங்களாம். செல்போன் உறை விக்கிறத விட நல்லாத்தான் இருக்கும்."

வீட்டில் சொன்னதும் பெரிய குழப்பம். 'லிபரல்' என்ற சொல்லை இந்தக் காலத்தில் வெளியே சொல்லலாமா என்று அப்பாவுக்குப் பயம். 'ஆர்ட்ஸ்' என்றால் படம் வரைவது என்று அம்மா நினைத்தாள். சேர்க்கை நாளுக்கு முந்தின நாள் கடைத்தெருவுக்குப் போய் இருபத்துநாலு நிறத்தில் ஒரு கலர் பென்சில் பெட்டி வாங்கி வந்துவிட்டாள். விஷயத்தை விளக்கிய பிறகும் அம்மா பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. என்றைக்காவது ஒருநாள் கேட்பார்கள் என்றாள். கோவிலில் விசாரித்தவர்களிடம் அப்பா, மகள் கம்ப்யூட்டர் கணக்கு படிக்கிறாள் என்று சொல்லிவைத்தார்.

2022 நவம்பரில் சேர்க்கை. அலுவலக அறையில் டோ நுவே நுவே என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரை சயாமா என்றுதான் கூப்பிட்டார்கள். டீச்சர்மாரைக் கூப்பிடும் மரியாதை அது. அவர் முன்னால் இரண்டு புத்தகங்கள். ஒன்று கல்லூரியின் மாணவர் பதிவேடு. இன்னொன்று கறுப்பு அட்டை போட்ட நோட்டு. நாளைக்கு யாராவது வந்து பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போனாலும் பிள்ளைகளுக்கு ஆபத்து வரக்கூடாது. அதனால் பதிவேட்டில் எல்லாருக்கும் மாற்றுப் பெயர். எந்த மாற்றுப் பெயர் எந்த அசல் ஆளுடையது என்பது அடையாள அட்டையின் படத்தோடு கறுப்பு நோட்டில் மட்டும் இருக்கும். படிப்பு முடிந்து வெளிநாட்டுக்குப் போகும்போது, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டைப் பார்த்துக் கடிதம் கொடுப்பார்கள். ஏற்பாடு பக்காவாகத்தான் இருந்தது.

முன்னால் நின்ற பையன் ஒரு சினிமா நடிகரின் பெயரைச் சொன்னான். இக்ரா, மே தஸின் ஆனாள். அருள்ஜோதியின் முறை வந்தது.

"உனக்கு என்ன பேரு வெச்சுக்கலாம்?" என்று சயாமா பர்மிய மொழியில் கேட்டார்.

"அருள்ஜோதி பர்னபாஸ்."

சயாமா பேனாவை நிறுத்தினார். "இவ்வளவு நீளமா? எப்படி யோசிச்சே?"

"யோசிக்கல சயாமா. என் பேரே அதுதான்."

"அட்டையில வேற இருக்கே."

"அட்டையில இருக்கிறதுதான் மாத்துப் பேரு."

சயாமா சிரித்துவிட்டார். பிறகு கறுப்பு நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். அங்கேதான் இந்தப் பெண் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். அந்த நோட்டில் தன்னை எழுத வேண்டாம் என்றாள். அது பொய்ப் பெயர் வைத்தவர்களுக்கான நோட்டு, தன்னுடையது பொய்ப் பெயர் இல்லை என்றாள். பதினாலு வருஷமாக எல்லாக் காகிதத்திலும் வேறொருத்தியாக இருந்தாகிவிட்டது, ஒரு பதிவேட்டிலாவது நானாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவளுக்கு. பின்னால் வரிசை நீண்டிருந்தது. கரண்ட் போக இன்னும் இருபது நிமிஷம்தான் இருந்தது. சயாமா ஒரு நொடி யோசித்தார், சரி என்றார், நோட்டை மூடிவைத்தார். பக்கத்தில் நின்ற இக்ராவாவது அவள் தலையில் ஒரு குட்டு வைத்திருக்கலாம். அவளுக்கும் அது அழகாகத்தான் பட்டது.

அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அருள்ஜோதியைப் பேசச் சொன்னால் நிறுத்தமாட்டாள். லிஃப்ட் இல்லாத அஞ்சு மாடி. நாலு மணி நேரம் கரண்ட் இருந்தால் எட்டு மணி நேரம் இருக்காது. பாதி வகுப்புகளை வெளிநாட்டிலிருந்து யாராவது திரையில் எடுப்பார்கள். நல்ல கட்டத்தில் திரை உறைந்து, வாத்தியார் வாயைத் திறந்தபடியே நிற்பார். சமூகவியல், தர்க்கம், புள்ளியியல், உலக சரித்திரம், சுற்றுச்சூழல், கட்டுரை எழுதுவது எப்படி என்று ஒவ்வொன்றும் மூன்று கிரெடிட். இருபது பாடம் முடித்தால் அறுபது. அறுபது சேர்ந்தால் பாதிப் பட்டம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். மீதிப் பாதிக்கு வெளியே போகலாம்.

பள்ளிக்கூடத்தில் அவள் கற்றதெல்லாம் மனப்பாடம். சரித்திரப் பாடத்தில் ஒரு கமா மாறினால் மார்க் போகும். இங்கே முதல் வாரத்திலேயே ஒரு வாத்தியார், கேட்ட கேள்விக்கு "எனக்குத் தெரியாது, வாங்க தேடிப் பார்ப்போம்" என்றார். வகுப்பே திடுக்கிட்டது. அருள்ஜோதி வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னாள். "தெரியாத ஆளுக்கு எதுக்கு ஃபீஸ் கட்டுறோம்?" என்றாள் ஜூடித். அருள்ஜோதி சிரித்த சிரிப்பில் அப்பா அறையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். மகள் அப்படிச் சிரித்துப் பார்த்து அவருக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

ஒரு முறை பெயர்களைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். இந்த ஊரில் ஒரு மனுஷருக்கும் குடும்பப் பெயர் கிடையாது, வெளிநாட்டுப் பாரம் ஒவ்வொன்றும் குடும்பப் பெயர் கேட்கிறது, அந்தக் காலிக் கட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று எட்டுப் பேரைக் கேட்டு எழுதியது. வாத்தியார் அதை வகுப்பில் வாசித்தார். திரையில் அவர் இவள் பெயரைச் சொன்னார், 'அருல்ஜோடி' என்று. தப்பாகத்தான் சொன்னார். ஆனாலும் ஒரு வாத்தியார் வாயில் அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

2024 அக்டோபரில் அறுபது கிரெடிட்டும் முடிந்தது. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பு இல்லாத நாளாகப் பார்த்து, ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அனுமதி இல்லாத கல்லூரி என்றார்கள். பணம் திரட்டி எதிர்த்தரப்புக்கு அனுப்புகிறார்கள் என்றும் சொன்னார்கள். கம்ப்யூட்டர்களைத் தூக்கிப்போய், கதவில் சீல் வைத்தார்கள். சயாமா கறுப்பு நோட்டோடு தப்பித்து தாய்லாந்து எல்லைக்குப் போய்விட்டார். நோட்டில் இருந்தது அத்தனையும் கல்லூரியைக் கூட்டாக நடத்திய வெளிநாட்டு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் சயாமாவின் போன் எடுபடவில்லை. பிடித்துவிட்டார்கள் என்று ஒருவர், காய்ச்சலில் போய்விட்டார் என்று இன்னொருவர். எது நிஜம் என்று இன்றுவரை தெரியாது. அருள்ஜோதி ஒரு மாதம் தினமும் அந்த எண்ணை அழுத்திப் பார்த்தாள்.

மதிப்பெண் பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. இருபது பாடம். மூன்றைத் தவிர எல்லாம் ஏ. மேலே கொட்டை எழுத்தில் பெயர்.

பிப்ரவரியில் இக்ரா கிளம்பினாள். வெளிநாட்டு அலுவலகம் கறுப்பு நோட்டின் படியைப் பார்த்து, மே தஸின் என்பவரும் இக்ரா என்பவரும் ஒருவரே என்று இரண்டு வரியில் கடிதம் கொடுத்தது. அதை வைத்து சியாங் மாயில் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருஷம் சேர்ந்துவிட்டாள். அதே பல்கலைக்கழகம் மார்ச்சில் அருள்ஜோதிக்கும் இடம் கொடுத்தது. ஃபீஸில் முக்கால் பங்கு தள்ளுபடி. அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று பேரும் சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். அப்பா, குளிர் காலத்துக்குப் போர்வை வேண்டுமா என்று கேட்டார். சியாங் மாயில் எவ்வளவு குளிரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து இன்னொரு மின்னஞ்சல். பாஸ்போர்ட்டில் லின் லின் சோ என்று இருக்கிறதே, மதிப்பெண் பட்டியலில் இருக்கும் அருள்ஜோதி பர்னபாஸ் யார்?

வெளிநாட்டு அலுவலகத்துக்கு எழுதினாள். மரியாதையாகப் பதில் வந்தது. மாற்றுப் பெயர் நோட்டில் லின் லின் சோ இல்லை. அருள்ஜோதி பர்னபாஸும் இல்லை. அறுபத்திரண்டு மாணவர்களில் அறுபத்தொரு பேர் அதில் இருக்கிறார்கள். மிச்சம் ஒருவர் யார் என்று தங்களுக்குத் தெரிய வழியில்லை. வருந்துகிறோம்.

பொய்ப் பெயர் வைத்த அறுபத்தொரு பேரும் தாங்கள்தான் தாங்கள் என்று காட்டிவிட்டார்கள். நிஜப் பெயர் சொன்ன ஒருத்தியால் முடியவில்லை. வயிறு எரிகிறது, என்ன சொல்வது?

இக்ரா அங்கிருந்து கூப்பிட்டாள். "நான் போய் ஆபீஸ்ல கேட்டேன்டி. கோர்ட்டுல சத்தியம் பண்ணின காயிதம் ஒண்ணு, ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு, இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட இருந்தா எடுத்துக்குவாங்களாம். ஜூன் முப்பதுக்குள்ள. அதுக்கப்புறம் எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"இல்லைன்னா?"

"பத்தாவது மார்க்கை வெச்சு முதல் வருஷம் சேரலாமாம். நாலு வருஷமும் முழு ஃபீஸு."

அது அவர்களால் ஆகாத காரியம் என்பது இக்ராவுக்கும் தெரியும். அதனால் அதை மெதுவாகச் சொன்னாள்.

கோர்ட்டுப் பக்கம் பழனியப்பன் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா இருக்கிறார். அவருக்கும் இரண்டு பெயர்தான், பர்மியப் பெயரைக் கேட்டால் அவரே ஒரு கணம் யோசித்துத்தான் சொல்வார். இப்படிப்பட்ட காகிதம் நூற்றுக்கணக்கில் போட்டிருப்பதாகச் சொன்னார்.

"ஒண்ணும் பயப்படாதீங்கண்ணே. இது நம்மாளுங்க எல்லாருக்கும் உள்ள சீக்குதான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, தட்டச்சில் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார். எங்கள் வார்டில் வசிக்கும் லின் லின் சோ என்பவரும் அருள்ஜோதி பர்னபாஸ் என்பவரும் ஒரே நபர்தான் என்பது எங்களுக்குத் தெரியும். இவ்வளவுதான் வாசகம். கீழே வார்டு அலுவலகத்தின் முத்திரைக்கு இடம் விட்டிருந்தார். "இந்த முத்திரை மட்டும் வாங்கிட்டு வந்துருங்க. மிச்சத்தை ரெண்டே நாள்ல முடிச்சிரலாம்."

அந்த முத்திரைக்குப் போகத்தான் அப்பாவுக்கு இரண்டு மாதம் கால் எழவில்லை. வார்டு அலுவலகத்தில்தான் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியல் தயாராகிறது. பெண்களையும் சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு. இருபத்திரண்டு வயசுப் பெண்ணைக் கூட்டிப்போய், இவள் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறாள் என்று காட்டிவிட்டு வர எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினார். அருள்ஜோதியும் அவரை நெருக்கவில்லை. ஆனால் நாட்காட்டியில் ஜூன் முப்பதைச் சுற்றி வட்டம் போட்டு, சமையலறையில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டினாள். கடைசியில் ஜூன் பதினெட்டாம் தேதி காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"வாம்மா, போவோம். யபாதே, பாத்துக்கலாம்."

யபாதே என்றால் பரவாயில்லை. அவர் அதைச் சொன்ன விதத்திலேயே எதுவும் சரியில்லை என்று தெரிந்தது.

மழை. வார்டு அலுவலகத்துக்குள் லொஞ்சிக் கைலியின் ஓரம் நனைந்த பத்துப் பதினைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் ஊ டின் லா. அப்பாவுக்கு இருபது வருஷப் பழக்கம், டீக்கடையில் சேர்ந்து உட்காருகிறவர். கெட்ட மனுஷர் இல்லை. மேலிடத்திலிருந்து சொன்னால் செய்வார், சொல்லாவிட்டால் சும்மா இருப்பார். அப்பாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, அண்ணன் முறையில் கோ போட்டுக் கூப்பிட்டார்.

"வாங்க கோ பா சோ. நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன்."

அருள்ஜோதி மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திறந்தால் முதலில் இருப்பது பழனியப்பன் அடித்த கடிதம்தான். ஊ டின் லா இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார். அச்சடித்த பட்டியல். அது என்ன என்பது அவளுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. இரண்டு வருஷம் ஒவ்வொரு பருவத் தேர்விலும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு கொலேஜை மூடினாங்கள்ல, அங்க எடுத்த கம்ப்யூட்டர்ல இருந்த லிஸ்டு. வார்டு வார்டா அனுப்பி ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்றாங்க. நான் எங்கேன்னு தேடுறது? பூராவும் டூப்ளிகேட்டு. இதோ பாருங்க, சினிமாக்காரன் பேரு. இப்படி ஒரு ஆளே ஊர்ல கிடையாது." அவர் விரல் கீழே இறங்கி ஒரு இடத்தில் நின்றது. "இது ஒண்ணுதான் நெசமான பேரு மாதிரி தெரியுது. நம்ம போட்டாதாங்னு வேற போட்டிருக்கு. அரு... அருச்சோதி. பானபா. இது உங்க ஆளுங்க பேருதானே?"

அரசாங்க அறை ஒன்றில் தன் பெயரை ஒருவர் உரக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டவள் அவள். கேட்டுவிட்டாள்.

ஃபைலைத் திறந்து கடிதத்தை நீட்டினால் முத்திரை கிடைத்துவிடும். ஊ டின் லாவுக்கு அப்பா மேல் அவ்வளவு மரியாதை உண்டு. முத்திரையைக் குத்திவிட்டு, அந்தக் கடிதத்தின் படியையும் பட்டியலோடு சேர்த்து மேலே அனுப்புவார். அனுப்பாமல் இருக்க அவரால் முடியாது. ஜூன் முப்பதுக்கு முன்னால் ஜீப் வரும். இந்த இருவரும் ஒரே ஆள்தான் என்று சொல்லக்கூடிய ஒரே காகிதம் அவள் மடியில் இருந்தது. அவள் இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவைப் பார்த்தாள். அவருக்குப் பொய் சொல்ல வராது. துறையில் ஒரு மூட்டை கூடக் குறைய எழுதத் தெரியாமல் முப்பது வருஷம் கிளார்க்காகவே இருந்துவிட்ட மனுஷர். அவர் உதடு அசைவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"தமிழ்ப் பேருதான். ஆனா இந்தப் பக்கம் அப்படி யாரும் இல்லை."

"உனக்குத் தெரிஞ்ச பொண்ணு யாரும் இல்லையா? உன் வயசுதான் இருக்கும்."

"இல்லை. கேள்விப்பட்டதே இல்லை."

"நீங்க கோ பா சோ? உங்க கோவில்ல பானபான்னு யாராவது?"

அப்பா பட்டியலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் அதற்கு முன் கேட்டதில்லை, இனிமேல் கேட்கவும் விரும்பமாட்டாள்.

"எனக்கு அந்த ஆளைத் தெரியாது" என்றார்.

ஊ டின் லா பட்டியலில் அந்தப் பெயருக்கு நேராகவும் மற்றவர்களுக்குப் போட்டதைப் போலவே 'ஆள் இல்லை' என்று எழுதினார். எழுதி முடித்ததும் அவருக்கு நிம்மதியாக இருந்தது தெரிந்தது. காகிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டார்.

"சரி, நீங்க வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

அப்பா மகளின் மடியிலிருந்த ஃபைலைப் பார்த்தார். பின்னால் பெஞ்சில் யாரோ இருமினார்கள்.

"தையல் ஃபாக்டரியில ஆள் எடுக்கிறாங்க" என்றாள் அவள். "இந்த வார்டுலதான் இருக்கேன்னு கடிதம் கேட்டாங்க."

"அதுக்கென்ன, உடனே குடுத்துடலாம். வேலைக்குப் போறது நல்லது. வீட்டுல சும்மா இருந்தாத்தான் இப்போ தொந்தரவு." பாரத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேனா மூடியைத் திறந்தார். "பேரு தெரியும். லின் லின் சோ. வயசு?"

"இருபத்திரண்டு."

"அப்பா பேரு ஊ பா சோ." எழுதிக்கொண்டே போனார். "படிப்பு?"

அவரே உதவிக்கு வந்தார். "பத்தாவதுக்கு மேல ஏதாவது? கொலேஜு, யுனிவர்சிட்டி, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் படிச்சிருந்தாலும் சொல்லும்மா. ஃபாக்டரியில நல்ல வேலையா குடுப்பாங்க."

"இல்லை. பத்தாவதுதான்" என்றாள் லின் லின் சோ.